அடிபம்பு அருகில், பொதுமக்கள் முன்னிலையில்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கோர்ட்டு இருந்ததாம். ம். அந்தக் கோர்ட்டுக்கு ஒரே ஒரு வராந்தா இருந்ததாம். ம். அந்த வராந்தாவில், ஒரு கால் குட்டையான பெஞ்சில், ஒரு தெருவையே அலற வைத்த முரடன் ஒருவன் கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். இந்த இடத்தில் ம் கொட்ட ஆள் இல்லை, ஏனென்றால் அந்த முரடன் நான்தான். அணைஞ்சபெருமாள், வயது இருபத்து மூன்று. டீக்கடையில் நான் ஒரு டீ என்று சொன்னால் மாஸ்டர் என்ன என்ன என்று இரண்டு தடவை கேட்பார், மூன்றாவது தடவை நான் விரலைக் காட்டுவேன். அப்படிப்பட்ட நான்தான் காதால் கேட்கக் கூசும் ஆபாச வார்த்தைகளால் திட்டி, உன்னை உயிரோடு விடமாட்டேன் என்று கொலை மிரட்டல் விடுத்தேனாம். பேப்பரில் அப்படித்தான் இருக்கிறது. கோர்ட்டு பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்று பெயர். ஆம்பிளை என்பதால் நான் முதல் எதிரி. பெஞ்சின் அந்தக் கோடியில் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிற இசக்கியம்மாள் இரண்டாம் எதிரி. அவர்கள் அசைந்தால் என் பக்கம் தூக்குகிறது, நான் அசைந்தால் அவர்கள் பக்கம். அதனால் இருவரும் அசையாமல் இருக்கிறோம். மணி பத்தே முக்கால். தொண்டை காய்கிறது. தண்ணீர் டிரம் ஒன்று மூலையில் இருக்கிறது, சங்கிலியில் கட்டிய டம்ளரும் இருக்கிறது, குழாயைத் திருகினால் காற்றுதான் வருகிறது. போய்த் திருகிப் பார்த்துவிட்டு வந்தேன், இரண்டு தடவை. மூன்றாவது தடவையும் போவேன் என்று தெரிகிறது.

இந்தா பாரு தம்பி, என்று ஏட்டு காலையிலேயே எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பாடம் நடத்திவிட்டார். குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவர், சீட்டு விளையாடிய நாலு பேர், சந்தையில் பக்கத்துக் கடைக்காரரைத் தராசால் அடித்த தக்காளிக்காரர், கடைசியில் நாங்கள் இருவர். மாஜிஸ்திரேட் அம்மா உள்ள கேப்பாங்க, குத்தத்தை ஒத்துக்கிறியான்னு. ஒத்துக்கிறேம்மான்னு சொல்லணும். கதை சொல்லப்பிடாது, அழப்பிடாது. ஃபைனைக் கட்டு, பன்னெண்டு மணிக்கு வீட்டுல சோறு திங்கலாம். விளங்குச்சா? சீட்டாடியவர்களில் ஒருவர், விளங்காம என்ன ஏட்டய்யா, நமக்கு இது நாலாவது தடவை, என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இப்போது உறுத்துகிறது, ஏன் சிரித்தேன். ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள். கதவு திறந்தே இருக்கிறது, குரல் கேட்கிறது. ஒத்துக்கிறேம்மா. ஒத்துக்கிறேம்மா. இந்தச் சத்தம் எனக்கு எங்கேயோ பழக்கமான சத்தம். தாத்தா. தீப்பெட்டி ஆபீசில் பாரம் ஏற்றிவிட்டு மத்தியானம் சாப்பிட வருகிற தாத்தா, சாப்பிட்ட கையோடு கதை ஆரம்பிப்பார். அவர் கதையில் ராஜாவைவிட முக்கியமான ஆள் ம் கொட்டுகிறவன். ம் கொட்டுலே, இல்லன்னா ராஜா அங்கனயே நிப்பாரு என்பார். நான் வேண்டுமென்றே ம் கொட்டாமல் இருந்து பார்த்திருக்கிறேன். தாத்தா நிறுத்திவிடுவார். பாதிக் கிணற்றில் ராஜா அப்படியே தொங்குவார், தாத்தா வெற்றிலையை மென்றுகொண்டு என்னைப் பார்ப்பார், நான் தாத்தாவைப் பார்ப்பேன். அவ்வளவு பெரிய படை, யானை, கோட்டை எல்லாம் என் மூக்குக்குள்ளிருந்து வரவேண்டிய ஒரு சின்னச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும். பிறகு பாவமாக இருக்கும், ம் என்பேன். இங்கே வரிசையில் எல்லோரும் ம் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். கதையைச் சொன்னவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும். எங்கள் இருவரைப் பற்றிய கதையை எழுதியது நான்தான்.

நான் என்றால் என் விரல்கள். கோர்ட்டுக்கு எதிரே, ரோட்டைத் தாண்டினால், உலகநாதன் அண்ணாச்சியின் ஜெராக்ஸ் கடை. நாலு வருஷமாக அங்கே டைப் அடிக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற புகார் மனு பாதி எங்கள் கடையிலிருந்துதான் போகும். அண்ணாச்சி கம்ப்யூட்டரில் 'மாமூல்' என்று ஒரு ஃபைல். அதைத் திறந்து, பேரை மாற்று, தெருவை மாற்று, தேதியை மாற்று, பிரிண்ட் எடு. வேலிச் சண்டையோ, கோழிச் சண்டையோ, வாடகைச் சண்டையோ, வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே சண்டைதான் நடந்திருக்கும். வழிமறித்தார், ஆபாசமாகத் திட்டினார், கொலை மிரட்டல் விடுத்தார். வழிமறித்தால் ஒரு மாசம் வரை. ஆபாச வார்த்தைக்கு மூன்று மாசம் வரை. மிரட்டலுக்கு இரண்டு வருஷம் வரை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதுச் சட்டத்தில் நம்பரெல்லாம் மாறிவிட்டது, 296, 126, 351 என்று. ஆனால் ஏட்டு முதல் டீக்கடை வரை இன்னும் பழைய 294பி, 506 ஒண்ணுதான் வாயில் வருகிறது. எனக்கு இரண்டும் மனப்பாடம். மற்றவர்களுக்குச் சினிமாப் பாட்டு வருகிற மாதிரி எனக்குப் பிரிவு எண் வரும். திருட்டுக்கு மூன்று வருஷம் வரை. கையால் அடித்து நோகவைத்தால் ஒரு வருஷம் வரை. அந்த 'வரை' என்கிற வார்த்தையில் எவ்வளவு இடம் இருக்கிறது, ஒரு ஆள் முழுசாகப் படுத்துக்கொள்ளலாம். சரி, அடிபம்பு. அடிபம்பை நான் எப்போது போட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மேலத்தெருவில் உண்மையாகவே ஒரு அடிபம்பில் குடம் வைக்கிற சண்டை. அதற்கு டைப் அடிக்கும்போது 'அடிபம்பு அருகில், பொதுமக்கள் முன்னிலையில்' என்று போட்டேன். அப்புறம் எடுக்க மறந்துவிட்டேன். இல்லை, மறக்கவில்லை, இப்போது என்னிடமே எதற்குப் பொய். எடுக்க வேண்டாம் என்று விட்டேன். வீட்டுக்குள் யாரும் கேட்காமல் திட்டினால் அந்தப் பிரிவு நிற்காது, பொது இடமாக இருக்க வேண்டும், நாலு பேர் காதில் விழ வேண்டும். அடிபம்பு என்றால் அதெல்லாம் தானாக வந்துவிடுகிறது. நல்ல வாக்கியம் அமைந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். அண்ணாச்சியும், பெருமாளுக்கு சட்டம் தெரியும்வே, என்று வருகிறவர்களிடம் சொன்னார். அதிலிருந்து இந்த ஊரில் யார் யாரைத் திட்டினாலும் ஒரு அடிபம்பின் அருகில் வைத்துத்தான் திட்டினார்கள்.

கொம்பையா வந்த அன்றைக்கும் ஃபைல் திறந்துதான் இருந்தது. இசக்கியம்மாளின் செத்துப்போன புருஷனுக்கு அண்ணன். வீட்டில் தம்பி பங்கை அந்த அம்மாவிடமிருந்து எழுதி வாங்க வேண்டும், அந்த அம்மா எழுதித் தரவில்லை, இவ்வளவுதான் விஷயம். நின்றுகொண்டே பேர், தெரு எல்லாம் சொன்னார். நான் அடித்தேன். ஆபாச என்று வந்ததும் கை நின்றுவிட்டது. ஏன் நின்றது? அதற்கு முந்தின வாரம்தான் அந்த அம்மா வீட்டுப் பட்டாவை ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தார்கள். மிஷினில் வெளிச்சம் ஓடியபோது, தாளு சூடாவுதே, எழுத்து அழிஞ்சிராதா தம்பி, என்று பயந்துபோய்க் கேட்டார்கள். அதுதான் காரணமா? தெரியாது. அந்த அக்கா என்ன சொன்னாக, என்று கொம்பையாவிடம் கேட்டேன். அவர், எப்பவும் போடுறதைப் போடுலே, என்றார். அவுக சொன்னதைச் சொல்லுங்க, அதைப் போடுதேன். எப்பவும் போடுறதைப் போடுன்னா போடு, நீ என்ன ஜட்ஜா? நான் மெதுவாகத்தான் சொன்னேன், அப்போ வேற கடையில அடிச்சுக்கோங்க. அவ்வளவுதான். என் இருபத்து மூன்று வருஷத்தில் நான் போட்ட ஒரே சண்டை அது, அதையும் பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர் கேட்டிருக்க மாட்டார். கொம்பையா வேறு கடைக்குப் போகவில்லை. மறுநாள் நான் லீவு. அண்ணாச்சி இரண்டு விரலால் டைப் அடிப்பார், ஆனால் பேர் மாற்றத் தெரியும். இரண்டு எதிரி ஆகிவிட்டது. அவளுக்கு ஆதரவாக வந்த அணைஞ்சபெருமாள் என்று, என் பேரை என் வாக்கியத்துக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார். அப்புறம் கேட்டதற்கு, யாவாரம்னா வாறவன் சொல்லுததை அடிக்கணும்டே, நீ அன்னைக்கு அடிச்சிருந்தா ஒன் பேரு வந்திருக்குமா, என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். அவருக்கு என் மேல் பிரியம் உண்டு, அதுதான் கஷ்டம். இப்போதுகூட வராந்தா தூணருகில் நின்று, ஃபைனை நான் கட்டுதேன் பெருமாளு, வெறும் ஃபைன்தானே, தண்டனையா என்ன, என்று உதட்டை மட்டும் அசைக்கிறார். மத்தியானத்துக்குப் பிரியாணி வாங்கித் தருவதாகவும் காலையில் சொன்னார்.

வெறும் ஃபைன்தானே. இந்த வார்த்தை மாடக்கண்ணு சொன்னது. டெம்போ ஓட்டுகிற மாடக்கண்ணு, போன வருஷம் இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், பேப்பர் நான் டைப் அடித்தது. உள்ளே போய் ஒத்துக்கிறேம்மா என்று சொல்லிவிட்டு, அபராதம் கட்டிவிட்டு, எதிர்க் கடையில் எங்களுக்கெல்லாம் டீ சொன்னார். ஆறு மாசம் கழித்து அரசு டிரைவர் வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட என் முன்னால் வந்து உட்கார்ந்தார், புதுச் சட்டை, நெற்றியில் குங்குமம். குற்ற வழக்கில் தண்டனை பெற்றவரா என்று ஒரு கேள்வி வந்தது. இல்லைன்னு போடு தம்பி, நான் ஜெயிலுக்கா போனேன், ஃபைன்தானே கட்டினேன், என்றார். அபராதமும் தண்டனைதான் அண்ணே என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை. கோபம் இல்லை. கணக்கில் எங்கேயோ தப்பு இருக்கிறது, இந்தப் பையன் சரிசெய்துவிடுவான் என்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் யாரையும் கொன்றுவிடுவேன் என்று சொன்னதில்லை. நான்தான் சொன்னேன், அவர் வாயில் வைத்துச் சொன்னேன். பொய்ப் புகார் கொடுக்கிறவனுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது, பழைய 182, புதுசு 217, ஒரு வருஷம் வரை. டைப் அடித்துக் கொடுத்தவனுக்கு எந்தப் பிரிவு? தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை. நான் செய்த குற்றத்துக்கு என்னை யாரும் கேட்கவில்லை, செய்யாததற்கு இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். ஒருவேளை அதற்கு இது சரியாகப் போய்விடுமோ, ஒத்துக்கிறேம்மா என்று சொல்லிவிட்டால் மாடக்கண்ணுவுக்குச் சமன் ஆகிவிடுமோ என்று மனசு ஒரு நிமிஷம் நைசாக ஒரு வழி காட்டுகிறது. எவ்வளவு வசதியான வழி, பிரியாணிகூட அந்த வழியில் இருக்கிறது. இல்லை. ஆகாது. அது இன்னொரு ம். நான் ம் சொன்னால் அடுத்தது அந்த அக்கா, அவர்களும் சொல்லுவார்கள். சொல்லிவிட்டால், கொன்னுருவேன்னு மிரட்டுனவ, கோர்ட்டுலயே ஒத்துக்கிட்டா என்று கொம்பையா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பங்குக்கு வருவார். ஒத்துக்கொள்ளாவிட்டால்? வாய்தா. மாசம் ஒரு தடவை இந்தப் பெஞ்சு, இந்தக் காலி டிரம். வேலை போகும். அப்புறம் குரல். இதுதான் பெரிய பயம், வேலைகூட இல்லை, குரல். உள்ளே போய் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும், இந்தக் குழாய் மாதிரி. போலீஸ் பேப்பரோடு ஒரு வரைபடம் வைத்திருக்கிறார்கள், சம்பவ இடமாம், தெருவை இரண்டு கோடாகப் போட்டு நடுவில் சின்ன வட்டம், அதற்குள் 'அடிபம்பு' என்று அழகான கையெழுத்து. நான் போய்ப் பார்த்தேன். சைக்கிளில் அந்தத் தெருவை மூன்று சுற்றுச் சுற்றினேன். ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு பால்வாடி, ஒரு குப்பைத் தொட்டி. அவ்வளவுதான். என் வாக்கியத்திலிருந்து அந்தப் பம்பு நடந்துபோய் அரசாங்க வரைபடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

பக்கத்தில் பெஞ்சு ஆடுகிறது. இசக்கியம்மாள் என் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். காலையிலிருந்து முதல் தடவை. தம்பி, அந்தப் பேப்பர்ல நான் என்ன சொன்னதா எழுதியிருக்கு, எங்கிட்ட யாரும் வாசிச்சுக் காட்டலையே. நான் எப்படிச் சொல்வேன், அவர்கள் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தைகளை. இடத்தைச் சொன்னேன். மிரட்டலைச் சொன்னேன். மற்றதை, கெட்ட வார்த்தை அக்கா, என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு கெட்டது? ரொம்ப. அடிபம்பா, என்றார்கள். டவாலி வாசலுக்கு வந்தார். அணைஞ்சபெருமாள், அணைஞ்சபெருமாள், அணைஞ்சபெருமாள். என் பேரை இவ்வளவு சத்தமாக நான் கேட்டதே இல்லை. இசக்கியம்மாள், இசக்கியம்மாள், இசக்கியம்மாள். எழுந்தோம், பெஞ்சு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விடுபட்டுத் தானாகக் குதித்தது. உள்ளே ஃபேன் சத்தம். மேலே மாஜிஸ்திரேட் அம்மா, ஜலதோஷம் போலிருக்கிறது, மூக்கைத் துடைத்துக்கொண்டு பேப்பரைப் பார்த்தபடியே வாசிக்கிறார்கள். வழிமறித்து. அடிபம்பு அருகில். பொதுமக்கள் முன்னிலையில். என் வாக்கியம், என் காற்புள்ளிகள்கூட அப்படியே. கூசுகிறது, நல்ல வாக்கியம் என்று நினைத்தேனே. முதல் எதிரி, குற்றத்தை ஒத்துக்கிறீங்களா? ஏட்டு பக்கத்தில் நின்று தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டுகிறார். பின்னால் கொம்பையா செருமுகிறார். படை, யானை, கோட்டை எல்லாம் நிற்கின்றன. ராஜா பாதிக் கிணற்றில் தொங்குகிறார். தாத்தா மென்றுகொண்டு என்னைப் பார்க்கிறார். தொங்கட்டும். இல்லைம்மா, என்றேன். பேனா நின்றது. மாஜிஸ்திரேட் அம்மா தலையை நிமிர்த்தினார்கள், பத்தரை மணியிலிருந்து அவர்கள் நிமிர்ந்து பார்த்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். நான் ஒத்துக்கலம்மா, அந்த வாக்கியம் நான் டைப் அடிச்சு வச்சது, எல்லாப் பேப்பர்லயும் அதுதான் இருக்கும், அந்தத் தெருவுல அடிபம்பே கிடையாது. என் குரல்தான். சின்னதுதான். ஆனால் காற்று இல்லை. ஏட்டு, ஏய், என்றார். அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்கள். அதெல்லாம் விசாரணையில் சொல்லலாம், இப்ப ஒத்துக்கலைன்னு பதிவு பண்றேன், வக்கீல் இருக்காரா, இல்லைன்னா கீழே சட்ட உதவி மையத்துல எழுதிக் குடுங்க. இரண்டாம் எதிரி?

இசக்கியம்மாள் மஞ்சப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் ஏட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. தாயி, நான் சொன்னேன், என்றார்கள். ஏட்டு முகத்தில் வெளிச்சம். ஆனா எழுதியிருக்குறதை நான் சொல்லல தாயி. எம் புருசன் போயி முப்பதாம் நாளு இவுக வந்து பூட்டு மேல பூட்டுப் போட்டாக. அப்போ, ஒங்க கை வெளங்காமப் போவும்னு சொன்னேன். எங்க வீட்டு வாசல்ல வச்சுச் சொன்னேன். இன்னைக்கும் சொல்லுதேன். கொம்பையா ஒரு அடி முன்னால் வந்தார், அம்மா பாருங்கம்மா, கோர்ட்டுலயே, என்று ஆரம்பித்தார். மாஜிஸ்திரேட் அம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்கள், தும்மலா சிரிப்பா தெரியவில்லை. சரி, அப்போ ஒத்துக்கிறீங்களா, ஒத்துக்கலையா? நான் சொன்னதை ஒத்துக்கிடுதேன் தாயி, அவுக எழுதுனதை ஒத்துக்கிட மாட்டேன். மாஜிஸ்திரேட் அம்மா பேப்பரைப் புரட்டினார்கள். இருவரும் மறுப்பு, சாட்சி விசாரணை, அடுத்த மாசம் பதினெட்டு. பேனா மறுபடி ஓடியது. அந்தப் பேனா ஓடுகிற சத்தத்தை நான் இத்தனை வருஷத்தில் இப்படிக் கேட்டதில்லை, யாரோ வேறு ஒரு கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கிற மாதிரி இருந்தது.

வெளியே வந்தால் வெயில். கொம்பையா, பதினெட்டாம் தேதி பாக்கலாம்லே, என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார், மூன்றாவது உதையில்தான் கிளம்பியது, போனார். ஏட்டு என் பக்கத்தில் வந்து, சோறு திங்க விட்டியாலே, என்று முணுமுணுத்தார். ஆனால் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், அது அடியா தட்டா என்று யோசிப்பதற்குள் போய்விட்டார். அண்ணாச்சி தூணைவிட்டு வந்தார். நாளைக்குக் கடைக்கு வரவேண்டாம் பெருமாளு, என்றார். சரிண்ணாச்சி. அந்தப் பம்பை ஃபைல்லருந்து எடுத்திருதேன். எடுக்காதீங்க அண்ணாச்சி, என்றேன், பதினெட்டாம் தேதிக்கு எனக்கு அந்த ஃபைல் வேணும், மாடக்கண்ணு அண்ணனையும் கூட்டிட்டு வருவேன். எவ்வளவு சத்தமாப் பேசுதே, என்றார். நான் எப்போதும் பேசுகிற மாதிரிதான் பேசினேன். அவர் ரோட்டைத் தாண்டிப் போய் ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தார். வராந்தாவில் நானும் இசக்கியம்மாளும்தான். அவர்கள் டிரம்மிடம் போய்க் குழாயைத் திருகினார்கள், காற்று வந்தது, மூடினார்கள். ஏன் தம்பி, என்றார்கள், எங்க தெருவுக்கு பம்பு வேணும்னு ஒம்பது வருசமா நாங்க மனுக் குடுக்கோம், அதையும் ஒங்க கடையிலதான் அடிச்சோம். ஒண்ணும் நடக்கல. இதுல மட்டும் எப்படி ஒரே நாள்ல கொண்டு வச்சிய? அவர்கள் சிரித்தார்கள், பல் தெரிய, சத்தமாக, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. பதினெட்டாம் தேதி வாங்க, நானும் வாரேன், என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, படியிறங்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக நடந்து போனார்கள்.